எண்ணெய் குடிக்காத வடை

கண்டக்டரே,

இன்று காலை விழுப்புரம் போகிற பஸ் விக்கிரவாண்டியில் நின்றது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வடைத் தட்டைத் தோளில் ஏந்திக்கொண்டு ஒருவர் எனக்குக் கீழே வந்து நின்றார். சோம்பும் பூண்டும் எண்ணெயில் பொரிந்த வாசனை ஏறியதும் என் வலது கால் தானாகக் கீழே அழுந்தியது, பிரேக்கை மிதிப்பதுபோல. ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடமாகியும் கால் மறக்கவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா பெரியவரே, வடை வேணுமா? சொல்லட்டா?" என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். மடியில் டிபன் பாக்ஸ் இருந்தது. உன் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். நீ இல்லாத வீடு என்றாலும் அது உன் வீடுதான்.

அந்த வாசனை திரும்பி வரும்போதும் என்னோடு வந்தது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் பதினொரு வருடம் நாம் ஒரே பஸ்ஸில் ஓடினோம். உனக்கு நான் டிரைவர், எனக்கு நீ கண்டக்டர். அதற்கு மேல் பெயர் தேவைப்படவில்லை. என் மகள் கல்யாணத்துக்கு வந்த மொய்ப் பையில் உன் பெயரைப் பார்த்து என் மனைவி "யாரு இது?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? நீ பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாய்.

காலை இரண்டாவது நடையில் விக்கிரவாண்டியில் வண்டி நின்றதும் நீ இறங்குவாய். மற்ற ஊர்களில் "ஜல்தி ஏறுங்க, ஜல்தி!" என்று கிழவிகளைக்கூட விரட்டுகிறவன், அங்கே மட்டும் நிதானமாகிவிடுவாய். கடைக்காரர் சட்டியிலிருந்து அள்ளுகிறவரை காத்திருப்பாய். ஏற்கெனவே தட்டில் இருந்ததை நீ தொட்டதே இல்லை. காகிதத்தில் வைத்து அழுத்தி, எனக்கு ஒன்றை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, உன்னுடையதைக் கடித்துக்கொண்டே விசில் ஊதுவாய். விசிலோடு வடைத் தூளும் பறக்கும். "வடைன்னா, முன்னாடி கடிச்சா பின்சீட்டுக்குக் கேக்கணும்யா" என்பாய்.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம் உனக்கு நெஞ்சு வலி வந்தது. ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை உன் மனைவி பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள். எண்ணெயில் பொரித்தது, அப்பளம், ஊறுகாய், எல்லாவற்றுக்கும் நேராகச் சிவப்புப் பேனாவில் கோடு. அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டேன். அவளும் உடன்பிறந்த அண்ணனாகத்தான் என்னை நினைத்தாள். அதனால்தான் அடுத்து நடந்தது அவளுக்கு அவ்வளவு வலித்தது.

மூன்று மாதம் கழித்து, திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தாய். உன்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய் விடும் பொறுப்பைத் தங்கச்சி என்னிடம் கொடுத்திருந்தாள். பஸ் விக்கிரவாண்டியில் நின்றது. நீ என் தோளைத் தட்டினாய்.

"டிரைவரே, ஒண்ணே ஒண்ணு."

"தங்கச்சிக்குத் தெரிஞ்சா பேஜாரு ஆயிடும்யா."

"நீ சொன்னாத்தான தெரியும்? மூணு மாசமா ஓட்ஸ்ஸு தின்னுக்கினு கீறேன். நாக்கு செத்துப் பூட்ச்சி."

உன் முகத்தைப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. இறங்கி ஒரு வடை வாங்கி உன் கையில் கொடுத்தேன். பஸ் எடுக்க நேரமிருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கழிப்பறைப் பக்கம் போய்வந்தேன். திரும்பியபோது நீ கையைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டிருந்தாய். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

விழுப்புரம் நெருங்குவதற்குள் உனக்கு வியர்த்தது. நெஞ்சில் கையை வைத்தாய். "டிரைவரே, ஒரு மாதிரியா கீது" என்றாய். இத்தனை வருடம் வண்டி ஓட்டியவன், அன்று பாதி வழியில் இறங்கி, நடுரோட்டில் கையை விரித்து நின்று ஒரு ஆட்டோவை மறித்தேன்.

மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, வாயுதான் என்று மாலையே அனுப்பிவிட்டார்கள். அதற்குள் தங்கச்சி வந்திருந்தாள். உன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுக்கப் போனவள் கையில் எண்ணெய் ஊறிய காகிதம் வந்தது.

"யாருண்ணா வாங்கிக் குடுத்தது?"

"நான்தாம்மா."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த வாரம் உன்னைப் பார்க்க வந்தபோது கேட்டுக்கு உள்ளே நின்றபடியே சொன்னாள்: "கோச்சிக்காதீங்கண்ணா. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க. உங்களப் பாத்தா அவருக்கு பஸ் ஞாபகம் வருது, பஸ் ஞாபகம் வந்தா எல்லாம் வருது." நான் வாங்கிவந்த கொய்யாப்பழத்தைக் கேட் தூண் மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

மூன்றாம் நாள் என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் எனக்காகப் பரிந்து பேசுவாள் என்று எதிர்பார்த்தது தப்பு. "அவ சொன்னது நாயம்தான்" என்றாள்.

"எண்ணெய் இல்லாம வடை சுட முடியாதா?" என்று கேட்டேன்.

"சுடலாம். தின்னத்தான் முடியாது."

அவள் விளையாட்டாகச் சொன்னாள். எனக்கு அது பிடித்துக்கொண்டது. முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அடுப்பைப் பற்றவைக்கக்கூடத் தெரியாதவன், மறுநாள் கடலைப்பருப்பை ஊறப்போட்டேன்.

முதல் தடவை பருப்பை மிக்சியில் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரே அழுத்தாக அழுத்தினேன். மாவு தோசை மாவாகிவிட்டது. என் மனைவி மூட்டு வலியோடு சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "பைபாஸ்ல போற மாதிரி மிக்சிய ஓட்டாதய்யா. உட்டு உட்டு அழுத்து. தண்ணி சொட்டு படக் கூடாது" என்றாள். இரண்டாவது தடவை அரைப்பு சரியாக வந்தது. தோசைக்கல்லில் தட்டிப்போட்டேன். மேலே கருகிவிட்டது, உள்ளே பருப்பு பச்சையாக இருந்தது. மூன்றாவது தடவை, மகள் சென்னையிலிருந்து கொண்டுவந்து போட்ட ஏர் ஃப்ரையரில் வைத்தேன். வெளியே எடுத்தது பிரேக் லைனிங் மாதிரி இருந்தது. கடித்தால் என் பல்செட் போயிருக்கும். பிறகு பணியாரச் சட்டியில், குழிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுச் சுட்டேன். இது பரவாயில்லாமல் வந்தது. தின்ன முடிந்தது. அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் ஒன்றரை மாதம் ஆயிற்று. உன்னிடமிருந்து ஒரு போன் இல்லை. நீயும் என்மேல் கோபமாக இருக்கிறாய் என்றே நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை தங்கச்சியே கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது. "அண்ணா, அவரு செவுத்தப் பாத்துக்கினு படுத்துக்கினு கீறாரு. ரெண்டு வாய்க்கு மேல எறங்க மாட்டேங்குது. வாக்கிங் போறதில்ல. மாத்திரைய நான் வாயில போட்டாத்தான் உண்டு. எங்கூடப் பேசறதேயில்லண்ணா. நீங்க ஒரு வாட்டி வந்துட்டுப் போங்க."

அன்று காலைச் சோதனை ஓட்டத்தில் சுட்ட பணியாரச் சட்டி வடைகள் அடுப்பருகே இருந்தன. அவற்றை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

நீ இளைத்திருந்தாய். தாடி வளர்ந்திருந்தது. நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. தங்கச்சியிடம் பாக்ஸைத் திறந்து காட்டி, எத்தனை சொட்டு எண்ணெய் விட்டேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவள் ஒன்றைப் பிட்டு, விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். உன் முன்னால் பாக்ஸை வைத்தேன்.

நீ மெல்லத் திரும்பினாய். ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தாய்.

"இன்னாயா இது?"

"மசால் வடை."

"இது வடையா? உருண்டையா கீது? கோலி ஆடறதுக்கா?" கடித்தாய். மென்றாய். "யோவ் டிரைவரே, விழுப்புரம் போறவன திருவண்ணாமல பஸ்ல ஏத்திட்டியேயா. இது பணியாரம்யா, பணியாரம். உப்பு எங்க? சோம்பு எங்க? நீ சுட்டியா? உன்ன யாரு அடுப்புகிட்ட உட்டது?"

எழுந்து உட்கார்ந்துவிட்டாய். திட்டிக்கொண்டே இரண்டாவதை எடுத்தாய், அது முதலாவதைவிட மோசம் என்று சொல்வதற்காக. நான் திரும்பிப் பார்த்தேன். தங்கச்சி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வாயோ சிரித்தது.

"திட்டறாருண்ணா" என்றாள். "ஒன்றர மாசம் கழிச்சி திட்டறாரு."

அன்று நான் கிளம்பும்போது கேட் வரை நீயே நடந்து வந்தாய். "அடுத்த வாரம் தட்டையா சுட்டு எடுத்துக்கினு வா" என்றாய்.

அப்படித்தான் நம் வியாழக்கிழமைகள் தொடங்கின. நான் சுட்டு எடுத்து வருவேன். நீ குறை சொல்வாய். கீரை வடை, முளைகட்டிய பச்சைப்பயறு பாதி கடலைப்பருப்பு பாதி என்று ஒரு வடை, கேப்பை மாவு கலந்த ஒரு வடை. கேப்பை வடையை நீ ஜன்னலில் வைத்து, காக்கை அதைத் தின்கிறதா என்று எங்களை எல்லாம் காத்திருந்து பார்க்கவைத்தாய். உள்ளே வேகாமல் மேலே கருகும் அந்தப் பழைய சிக்கல் மட்டும் தீரவே இல்லை.

அதைத் தீர்த்தது தங்கச்சிதான். ஒரு வாரம் எனக்குப் பஸ் கிடைக்கத் தாமதமாகி வடைகள் விறைத்துப்போயின. அவள் அவற்றைச் சூடு பண்ண இட்லிப் பானையில் ஆவியில் வைத்தாள். எடுத்தபோது உள்ளே பஞ்சுபோல ஆகியிருந்தது. அவள் யோசித்தாள். "அண்ணா, நாம தலைகீழா பண்றோம். மொதல்ல ஆவில வேகவச்சிட்டு அப்புறம் கல்லுல போட்டா?"

அடுத்த வியாழக்கிழமையிலிருந்து நான் சுட்டு எடுத்து வருவதை நிறுத்தினேன். ஊறவைத்த பருப்பை மட்டும் எடுத்து வருவேன். உன் வீட்டு அடுப்பில் தங்கச்சியும் நானும் செய்வோம். தட்டிய வடையை இட்லித் தட்டில் வைத்துப் பத்து நிமிடம் ஆவி. பிறகு இரும்புத் தோசைக்கல். பாதியாக நறுக்கிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் ஒரு தேய்ப்பு, அதுதான் எண்ணெய். மூடி போடாமல் சிறு தீயில் இரண்டு பக்கமும் சிவக்கிறவரை விடவேண்டும். இந்தச் சிறு தீதான் எனக்கு வரவில்லை. நேரத்துக்கு ஊர் போய்ச் சேர்ந்தே பழகியவன். கை அதன்பாட்டுக்குத் திருப்பிவிடும். "நிக்கட்டும்ண்ணா, நிக்கட்டும்" என்று தங்கச்சி என் கரண்டியைப் பிடித்துக்கொள்வாள்.

நீ சாப்பிட்டுப் பார்த்தாய். இன்னொன்றையும் எடுத்துக் கடித்தாய். பிறகு, "ருசி வந்துட்ச்சி. சத்தம் வரல" என்றாய்.

நாங்கள் இருவரும் சோர்ந்துபோனோம். நீயோ எழுந்து உள்ளே போனாய். காணை கிராமத்திலிருந்து உன் அக்கா கொடுத்தனுப்பிய மல்லாட்டைப் பையை, தோலோடு இருந்த வேர்க்கடலையை, தூக்கிக்கொண்டு வந்தாய். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு கிண்ணம் நிறைய உரித்தாய். "இத வெறுஞ்சட்டில வறுத்து, ஒண்ணுக்கு நாலா நொறுக்கிப் போடுங்க. பவுடர் பண்ணிடாதீங்க" என்றாய். வாழ்க்கையில் ஒரு காபி கூடப் போட்டறியாத உனக்கு அது எப்படித் தோன்றியதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றைக்கு வந்ததுதான் வடை. வெளியே சிவந்த மேல்தோல், உள்ளே வெந்த பருப்பு, நடுவில் பல்லுக்குக் கீழே நொறுங்கும் மல்லாட்டை. நீ கூடத்தில் உட்கார்ந்து கடித்தாய். எங்களுக்குச் சமையலறையில் கேட்டது. "கேக்குதா?" என்று கத்தினாய். "கேக்குது, கேக்குது" என்று தங்கச்சி பதிலுக்குக் கத்தினாள்.

மூன்றாவது வடையின்போது நீ திடீரென்று சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சமையலறை வாசலுக்கு வந்தாய்.

"டிரைவரே, ஒண்ணு சொல்லணும். நீயும் கேளு" என்று தங்கச்சியையும் கூப்பிட்டாய். "அன்னிக்கு விக்கிரவாண்டில இவன் எனக்கு வாங்கிக் குடுத்தது ஒரு வடை."

"அதான் தெரியுமே" என்றாள் அவள்.

"நான் தின்னது நாலு."

கரண்டி என் கையிலேயே நின்றது.

"இவன் பாத்ரூம் போனான் இல்ல? அந்த கேப்புல மூணு வாங்கி முழுங்கிட்டேன். தண்ணிகூட குடிக்கல. அதான் அப்படி அடைச்சிக்கிச்சி. இவன்மேல பழி உழுந்தப்ப வாயத் தொறக்க வெக்கமா இருந்துது. அப்புறம் நாளாக நாளாக, சொல்றதுக்கு இன்னும் வெக்கமாப் பூட்ச்சி. செவுத்தப் பாத்துக்கினு படுத்தது வடைக்காக இல்லடி. இவன வாசல்ல நிக்கவச்சி அனுப்பினியே, அத மாடிலருந்து பாத்துக்கினு நின்னேன்."

தங்கச்சி தலையில் கையை வைத்துக்கொண்டாள். உன்னைத் திட்டுவதா, என்னிடம் மன்னிப்புக் கேட்பதா என்று அவளுக்குப் புரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு "அண்ணா…" என்று தொடங்கினாள். எனக்கு அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. டிக்கெட் எடுக்காமல் ஒரு ஆளை உன் பஸ்ஸில் ஏறவிட்டிருக்க மாட்டாய். அப்படிப்பட்டவன் மூன்று வடையை என் தலையில் ஏற்றி அனுப்பியிருக்கிறாய். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்தது. நீயும் சிரித்தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தாய். கல்லில் இருந்த வடைகள் கருகிவிட்டன.

அதன் பிறகு எட்டு வருடம். என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல வருடங்களை வேலையில் இருந்தபோதுகூடப் பார்த்ததில்லை. காலையில் வாக்கிங், வியாழக்கிழமை வடை. மூட்டு வலி குறைந்த நாட்களில் என் மனைவியும் வருவாள். பெண்கள் இருவரும் நம்மைப் பற்றி நம் காதுபடவே பேசுவார்கள். உன் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து மருத்துவர் தலையசைத்ததை நீ எனக்கு மூன்று முறை நடித்துக் காட்டினாய்.

போன வருடம் ஒரு காலை, குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் அப்படியே போய்விட்டாய். தங்கச்சி காபியோடு வந்தபோது தூங்குகிறாய் என்றே நினைத்தாளாம். அழுதேன். ஆனால் அந்த ஆட்டோவில் உன் கையைப் பிடித்துக்கொண்டு போனபோது இருந்த பயம் இதில் இல்லை. அதற்குப் பிறகு உனக்கும் எனக்கும் நிறையக் கிடைத்துவிட்டது.

போன மாதம் உன் முதல் வருடத் திதி. காணையிலிருந்து உன் அக்கா வந்திருந்தார். படையலுக்கு என்னென்ன வைப்பது என்ற பேச்சு வந்தது. அக்கா சொன்னார்: "அவனுக்கு இனிமே இன்னா டாக்டரு? உயிரோட இருந்தப்பதான் வாயக் கட்டினீங்க. எண்ணெய் நெறையா ஊத்தி, நல்லா மொறுமொறுன்னு சுட்டு வைங்க."

எல்லோரும் தங்கச்சியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா சொல்றது சரிதான்ம்மா" என்றேன். சட்டி நிறைய எண்ணெய் ஊற்றினோம். நான்தான் சுட்டேன். நீ விரும்புகிறபடி சட்டியிலிருந்து நேராக இலைக்குப் போனது, தட்டில் ஒரு நிமிடம்கூட நிற்கவிடவில்லை. நாலு வைத்தேன்.

படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது தங்கச்சி ஒரு வடையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சாப்பிடும்மா" என்றேன்.

"ஒம்பது வருஷம் ஆவுதுண்ணா, நான் எண்ணெய் வடை தின்னு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வியாழக்கிழமைகள் அவளோடு ஒரே அடுப்பில் நின்றிருக்கிறேன், இதைக் கவனித்ததே இல்லை. பண்டிகைக்கும், மற்றவர்கள் வீட்டு விசேஷத்துக்கும், நீ இல்லாத இடத்தில்கூட அவள் தொட்டதில்லையாம். உனக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் எனக்குச் சொல்லாமல் இருந்திருக்க மாட்டாய்.

கொஞ்சம் பிட்டுச் சாப்பிட்டாள். மிச்சத்தையும் சாப்பிட்டாள். விரலில் ஒட்டிய எண்ணெயைப் பார்த்து, "நல்லாத்தான் கீது" என்றாள். பிறகு, "வியாழக்கிழமை வர்றீங்க இல்லண்ணா? பருப்பு நானே ஊறப்போடறேன்" என்றாள்.

வியாழக்கிழமை தவறாமல் போகிறேன், கண்டக்டரே. அவள் மறுபடி பருப்பை ஊறப்போடுகிறவரை, போன மூன்று வாரமாக நானே சுட்டு எடுத்துக்கொண்டு போகிறேன். இன்றும் அப்படித்தான் போய் வந்தேன். ஊறப்போடறேன் என்று சொன்னாளே தவிர, அவளுக்கு இன்னும் அடுப்பண்டை நிற்க மனம் வரவில்லை. வரும். நிற்கட்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

உன்னால் எனக்குக் கிடைத்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். என் மனைவிக்கு இப்போது மூட்டு அதிகம் நிற்கவிடுவதில்லை. காலைப் பலகாரம் என் கையில்தான். தோசை, அடை, கேப்பை ரொட்டி, எல்லாம் வருகிறது. முப்பத்தாறு வருடம் அவள் நின்றுகொண்டே பரிமாற, நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நிமிர்ந்து பார்க்காமல் தின்றுவிட்டு ஓடியிருக்கிறேன். அவள் எப்போது சாப்பிடுகிறாள், எதை முதலில் எடுக்கிறாள், எது பிடிக்காமல் ஓரமாக ஒதுக்குகிறாள் என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். அவளுக்கு விளிம்பு சிவந்த தோசைதான் பிடிக்கும். இரண்டாவது தோசையை நான் கல்லிலிருந்து எடுக்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். நான் கொண்டுபோய்ப் போடுகிறேன். பிறகு எதிரில் உட்கார்ந்துகொள்கிறேன். எங்கும் போக எனக்கு நேரமாகவில்லை.